லினக்ஸில் லேன் கார்டின் பெயரை நம் கையில் வைத்திருப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையின் பில்லிங் அறை, அம்மாப்பேட்டை தறிக்கூடம், ஏற்காட்டுக் காபி எஸ்டேட் ஆபீஸ், லாட்ஜ் வரவேற்பறை என்று எங்கேயாவது ஒரு பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் அல்லது உபுண்டு போட்டு, அதையே ரவுட்டராகவும் ஃபயர்வாலாகவும் ஓட்டுபவர்களுக்கான பக்கம் இது. அப்படிப்பட்ட பெட்டியில் குறைந்தது இரண்டு லேன் ஓட்டைகள் இருக்கும். ஒன்றில் ஃபைபர் மோடம், இன்னொன்றில் உள் சுவிட்ச். இவற்றின் பெயர் இடம் மாறினால் கடை முழுக்க நெட் நிற்கும்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். தனியாகச் சொல்லாத இடத்தில் எல்லாமே சின்ன எழுத்து.

முன்பு ஈத்0 என்று இருந்தது. புதிதாக டெபியன் போட்டதும் இஎன்பி3எஸ்0 என்கிறது. ஏன்?

ஈத்0, ஈத்1 என்பவை கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கொடுக்கும் பெயர்கள். எந்தக் கார்டின் டிரைவர் முதலில் எழுந்து நிற்கிறதோ அது ஈத்0, அடுத்தது ஈத்1. டிரைவர்கள் ஒரே நேரத்தில் ஏறுவதால் இந்த வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது. கரண்ட் போய் வந்தபின் உள் சுவிட்ச் பக்கம் இருந்த கார்டு மோடம் பக்கத்துப் பெயரோடு எழுந்திருக்கலாம். ஒரே கார்டு இருக்கும் கணினியில் இது தெரியாது, இரண்டு இருந்தால் தெரியும்.

இதற்கு 2013 ஜனவரியில் வந்த சிஸ்டம்டி 197 (லினக்ஸ் பூட் ஆகும்போது சேவைகளை எழுப்பும் மென்பொருள்) புதிய பெயரிடும் முறை ஒன்றைக் கொண்டுவந்தது. கார்டு எந்த வரிசையில் எழுந்தது என்பதைப் பார்க்காமல், மதர்போர்டில் எங்கே செருகியிருக்கிறது என்பதை வைத்துப் பெயர். டெபியனில் 2017-இல் வந்த 9-ஆம் பதிப்பிலிருந்து புதிதாக நிறுவினால் இதுதான்.

அந்தப் பெயரை எப்படிப் படிப்பது?

முதல் இரண்டு எழுத்து வகையைச் சொல்லும். 'இஎன்' என்றால் ஈதர்நெட், 'டபிள்யூஎல்' வைஃபை, 'டபிள்யூடபிள்யூ' சிம் போடும் மோடம். அதற்குப் பின் 'ஓ' வந்தால் போர்டிலேயே உள்ள கார்டு, எண்ணைத் தருவது பயாஸ். 'எஸ்' மட்டும் வந்தால் ஹாட்பிளக் ஸ்லாட் எண். 'பி3எஸ்0' என்றால் பிசிஐ பஸ் 3, அதில் 0-ஆவது இடம். ஒரே கார்டில் இரண்டு, நான்கு ஓட்டைகள் இருந்தால் கடைசியில் எஃப்0, எஃப்1 சேரும். 'எக்ஸ்' வந்தால் அதன் பின்னால் வருவது மேக் முகவரியின் (கார்டின் அடையாள எண்) 12 எழுத்துகள்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எல்எஸ்பிசிஐ கட்டளை பஸ் எண்ணை ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண் முறை) காட்டும், கார்டின் பெயரோ சாதாரணத் தசம எண்ணில் இருக்கும். எல்எஸ்பிசிஐயில் 10 என்று தெரியும் கார்டின் பெயர் இஎன்பி16எஸ்0. பத்தாம் எண்ணைத் தேடினால் கிடைக்காது.

'மாறாத பெயர்' என்றார்கள். ஒரு எஸ்எஸ்டி செருகியதும் 3 என்பது 4 ஆகிவிட்டதே?

ஆகும். பிசிஐ பஸ் எண் மதர்போர்டில் பொறித்து வைத்ததல்ல. பூட் ஆகும்போது ஒவ்வொரு பாதையாக எண்ணிக்கொண்டே போய்த் தருவது. எண்ணும் வரிசையில் முன்னால் உள்ள எம்2 ஸ்லாட்டில் புதிதாக எஸ்எஸ்டி வந்தாலோ கிராஃபிக்ஸ் கார்டு சேர்ந்தாலோ பின்னால் இருப்பவை ஒவ்வொரு எண் தள்ளிப் போகும். கழற்றினால் முன்னால் வரும். பயாஸில் ஒரு சாதனத்தை முடக்கினாலும் இதே கதை.

ஆக, வன்பொருள் அப்படியே இருக்கும்வரை பெயர் மாறாது, அவ்வளவுதான். ஒரு ஓட்டைக்கு மேல் உள்ள எந்தப் பெட்டியிலும் தானாக வரும் பெயரை நம்பி ஃபயர்வால் எழுத வேண்டாம் என்பதே எங்கள் கட்சி. ஒவ்வொரு ஓட்டைக்கும் அது செய்யும் வேலையை வைத்து நீங்களே பெயர் வையுங்கள்: லேன்0, ஃபைபர்0, டாங்கிள்0.

பெட்டியின் பின்னால் மூன்று ஓட்டைகள். எது எந்தப் பெயர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈத்டூல் -பி இஎன்பி3எஸ்0 15

இதை ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) கொடுத்தால் அந்த ஓட்டையின் விளக்கு 15 விநாடி கண் சிமிட்டும். இங்கே 'பி' சின்ன எழுத்து. எல்லா டிரைவரும் இதை ஆதரிப்பதில்லை. போர்டிலேயே வரும் மலிவு விலைக் கார்டில் 'ஆதரவு இல்லை' என்று வந்தால், ஐபி மானிட்டர் லிங்க் என்று ஓடவிட்டுக் கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள். எந்தப் பெயரில் வரி ஓடுகிறதோ அதுதான். கண்டுபிடித்த கையோடு ஓட்டைக்கு மேல் மார்க்கரில் எழுதி விடுங்கள்.

மேக் முகவரிக்கு ஈத்டூல் -பி, இந்த முறை 'பி' பெரிய எழுத்து. இது கார்டின் நிரந்தர முகவரியைக் காட்டும். ஐபி லிங்க் காட்டுவது தற்போதைய முகவரி. யாராவது மேக் குளோன் செய்திருந்தால் இரண்டும் வேறாக இருக்கும்.

நானே பெயர் வைக்க என்ன செய்ய வேண்டும்?

ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு லிங்க் கோப்பு. உள் சுவிட்ச் பக்கத்துக்கு இப்படி:

/எட்சி/சிஸ்டம்டி/நெட்வொர்க்/10-லேன்0.லிங்க்

உள்ளே நான்கே வரிகள்:

[மேட்ச்]
பர்மனென்ட்மேக்அட்ரஸ்=00:11:22:33:44:55
[லிங்க்]
நேம்=லேன்0

இந்தக் கோப்புக்குள் மட்டும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கவனம். தலைப்புகளிலும் சமக்குறிக்கு இடப்பக்கம் வரும் சொற்களிலும் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்து பெரியது, 'மேக்' என்ற மூன்றெழுத்து முழுவதும் பெரியது, சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. முகவரி மாதிரிக்குத்தான், உங்கள் கார்டினுடையதைப் போடுங்கள்.

கோப்புப் பெயரில் உள்ள 10 முக்கியம். கோப்புகள் எண், எழுத்து வரிசையில் படிக்கப்படும். ஒரு கார்டுக்கு முதலில் பொருந்தும் ஒரே ஒரு கோப்புதான் செல்லும், மற்றவை எட்டிக்கூடப் பார்க்கப்படாது. சிஸ்டம்டியோடு வரும் கோப்பு 99-டிஃபால்ட்.லிங்க். உங்களுடையது அதற்கு முன்னால் நிற்க வேண்டும்.

'நேம்பாலிசி' என்ற வரியை வேறு எங்கிருந்தாவது பார்த்துச் சேர்க்காதீர்கள். அந்த வரி இருந்து அதன்படி ஒரு பெயர் கிடைத்துவிட்டால் உங்கள் 'நேம்' கண்டுகொள்ளப்படாது.

அடுத்து அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு கொடுங்கள். ஃபெடோரா வகையில் டிராகட் -எஃப். பூட்டின் தொடக்கத்தில் ஓடும் அந்தச் சிறு படிமத்துக்குள் லிங்க் கோப்புகளும் போகின்றன. பழைய படிமமே இருந்தால் பழைய பெயர் ஒட்டிக்கொள்ள இடம் உண்டு. 'கோப்பு சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மாறவில்லை' என்ற புகாரில் முதலில் இதைப் பாருங்கள்.

ரீபூட் செய்வதற்கு முன், டெபியனில் கார்டுகளின் ஐபி முகவரியை எழுதும் /எட்சி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ் கோப்பிலும் ஃபயர்வாலிலும் பெயரை மாற்ற வேண்டும். அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

மேட்ச் பகுதியில் மேக் முகவரி போடுவதா, ஸ்லாட் போடுவதா?

நாளை எது மாறும் என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

மேக் முகவரி கார்டோடு போகும். எஸ்எஸ்டி சேர்த்தாலும் கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினாலும் பெயர் கூடவே வரும். சேலம் டவுனில் அடிக்கடி உள்ளே கைவைக்கும் பெட்டிக்கு இது சரி.

ஏற்காட்டில் நிலைமை வேறு. கோடை இடியிலும் ஐப்பசி மழையிலும் கட்டடத்திலிருந்து கட்டடத்துக்கு வெட்டவெளியில் இழுத்த லேன் கேபிள் வழியாக அதிர்ச்சி வந்து கார்டு சாகும். யுபிஎஸ் கரண்ட் பக்கத்தைத்தான் காக்கும், கேபிள் பக்கத்தை அல்ல. புதுக் கார்டு போட்டால் மேக் முகவரி புதிது. லிங்க் கோப்பு பொருந்தாது, பெட்டி தானாக ஒரு பெயரைப் பிடித்துக்கொள்ளும், எஸ்டேட்டில் நெட் வராது. அங்கே இருப்பவருக்கோ ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும், டெர்மினல் தெரியாது. இப்படிப்பட்ட இடத்தில் ஸ்லாட்டைப் பிடியுங்கள். மேட்ச் பகுதியில் இந்த ஒரு வரி மட்டும்:

பாத்=பிசிஐ-0000:03:00.0

இதன் மதிப்பை யூடெவ்ஏடிஎம் இன்ஃபோ /சிஸ்/கிளாஸ்/நெட்/இஎன்பி3எஸ்0 என்று கேட்டால் 'ஐடி_பாத்' வரியில் தரும். யூடெவ் என்பதோடு ஏ, டி, எம் மூன்றெழுத்தையும் ஒட்டித் தட்டவும். அதே ஸ்லாட்டில் எந்தக் கார்டைப் போட்டாலும் அது லேன்0 ஆகிவிடும், வேறு கம்பெனிக் கார்டாக இருந்தாலும். ஒரே நிபந்தனை, அந்தப் பெட்டியில் எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு என்று எதையும் சேர்க்கவோ எடுக்கவோ கூடாது.

மூன்றாவது வழியும் உண்டு, பலருக்குத் தெரியாதது. பர்மனென்ட்மேக்அட்ரஸ் வரியில் இடைவெளி விட்டு ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகளைக் கொடுக்கலாம். ஒரு உபரிக் கார்டு வாங்கி, அதன் முகவரியையும் இப்போதே எழுதி வைத்து, கார்டை அலமாரியில் போட்டு விடுங்கள். பழையது போனால் இதைச் செருகினால் போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் செருகினால் மட்டும் ஒன்றுக்குத்தான் லேன்0 கிடைக்கும்.

போர்டிலேயே உள்ள ஓட்டை செத்தால் மாற்றுக் கார்டு வேறு பாதையில்தான் உட்காரும். அதனால் வெளியே நீளும் கேபிளைத் தனிக் கார்டில் செருகுங்கள், போர்டு ஓட்டையை அதே அறையில் உள்ள மோடத்துக்கு விடுங்கள். கட்டடங்களுக்கு இடையே ஃபைபரும் இரண்டு மீடியா கன்வர்ட்டரும் போட்டால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் தீரும்.

மேக்அட்ரஸ் என்று மட்டும் போட்டால் என்ன?

அது தற்போதைய முகவரியோடு ஒப்பிடும். விலேன், பிரிட்ஜ் போல ஒரு கார்டின் மேல் மென்பொருளால் உண்டாக்குபவை தாய்க் கார்டின் முகவரியையே சுமப்பதால் அவையும் பொருந்திவிட்டு, அதே பெயருக்குச் சண்டை போடும். அவற்றுக்கு நிரந்தர முகவரி கிடையாது, அதனால் பர்மனென்ட்மேக்அட்ரஸில் இந்தச் சிக்கல் வராது.

எனக்கு ஈத்0, ஈத்1 தான் பழக்கம். லிங்க் கோப்பில் அதையே வைத்துக்கொள்கிறேனே?

வேண்டாம். அந்தப் பெயர்களைக் கர்னலும் அதே நேரத்தில் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் ஒரு கார்டை ஈத்0 ஆக்கப் பார்க்கும்போது இன்னொரு கார்டு ஏற்கெனவே அந்தப் பெயரில் உட்கார்ந்திருக்கும், மாற்றம் தோற்கும். பழைய 70-பெர்சிஸ்டென்ட்-நெட்.ரூல்ஸ் முறை கைவிடப்பட்டதற்குக் காரணமே இந்தப் போட்டிதான். அந்தக் காலத்தில் 'ரீநேம்3' என்பது போல அரைகுறைப் பெயரில் கார்டு தொங்கி நிற்பதைப் பார்த்தவர்கள் உண்டு. டெபியன் 10-க்கு மேம்படுத்தும் முன்பே அந்த முறையிலிருந்து வெளியே வந்துவிடும்படி வெளியீட்டுக் குறிப்பே சொன்னது.

ஒரே ஒரு கார்டு உள்ள கணினி என்றால் /எட்சி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் 'கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்' வரியில் (இது முழுவதும் பெரிய எழுத்து) நெட்.இஃப்நேம்ஸ்=0 சேர்த்து, அப்டேட்-கிரப் கொடுத்து ரீபூட் செய்யுங்கள். ஈத்0 திரும்பி வரும், கெடுதல் இல்லை. இரண்டு கார்டு உள்ள ரவுட்டரில் இதைச் செய்தால் பழைய குலுக்கல் சீட்டுக்கே திரும்புகிறீர்கள்.

பெயரில் என்னென்ன எழுத்து வரலாம்? தமிழில் வைக்கலாமா?

அதிகபட்சம் 15 பைட். இடைவெளி, சாய்கோடு, முக்காற்புள்ளி கூடாது. வெறும் எண்ணாகவும் இருக்கக் கூடாது. புள்ளி வைத்தால் விலேன் என்று சில கருவிகள் நினைத்துக்கொள்ளும், தவிர்க்கவும். தமிழ் எழுத்தைச் சிஸ்டம்டி ஏற்காது, ஆஸ்கி மட்டுமே. அது ஏற்றாலும் யுடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் எடுப்பதால் ஐந்துக்கு மேல் போக முடியாது.

4ஜி டாங்கிளை பேக்கப்பாகச் செருகுகிறேன். 'இஎன்எக்ஸ்' என்று நீளமாக ஏதோ பெயர் வருகிறது.

டெபியனில் யுஎஸ்பி கார்டுகளுக்கு மேக் முகவரியை வைத்தே பெயர் தருவதற்கு 73-யுஎஸ்பி-நெட்-பை-மேக்.லிங்க் என்றொரு கோப்பு கூடவே வருகிறது. இஎன்எக்ஸ் மூன்றும் முகவரி 12-ம் சேர்ந்து சரியாக 15. உங்கள் கோப்பு 10-இல் தொடங்கினால் அதற்கு முன்னால் நிற்கும்.

டாங்கிளில் மேக் முகவரியை நம்ப முடியாது. தானே ரவுட்டர் போல நடந்துகொள்ளும் சில மாடல்களில் எல்லா டாங்கிளுக்கும் ஒரே முகவரிதான் இருக்கும். இரண்டு சிம் கம்பெனிக்கு ஒரே மாடலில் இரண்டு வாங்கினால் ஒன்றோடு ஒன்று முட்டும். அப்போது எந்த யுஎஸ்பி ஓட்டை என்பதை வைத்துப் பிடியுங்கள். ஐடி_பாத் இப்படி வரும்: பிசிஐ-0000:00:14.0-யுஎஸ்பி-0:2:1.0. இதில் நடுவில் உள்ள 2 தான் போர்ட் எண். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு கோப்பு, ஓட்டைக்கு மேல் ஒரு ஸ்டிக்கர்.

ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி டெதரிங்கில் போட்டால் பல போன்கள் ஒவ்வொரு முறையும் புது மேக் முகவரி தரும், அதனால் ஒவ்வொரு முறையும் புதுப் பெயர். அதற்கு மேட்ச் பகுதியில் டிரைவர்=ஆர்என்டிஐஎஸ்_ஹோஸ்ட் என்று டிரைவரை வைத்துப் பிடிக்கலாம். எந்தப் போனைச் செருகினாலும் டாங்கிள்0. சில போன்கள் வேறு டிரைவரில் வரும். ஈத்டூல் -ஐ கொடுத்தால் முதல் வரியிலேயே டிரைவர் பெயர் தெரியும்.

டாங்கிள் எப்போதும் செருகியிருக்காது என்றால் பூட் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. இன்டர்ஃபேசஸ் கோப்பில் 'ஆட்டோ' என்பதற்குப் பதில் 'அலவ்-ஹாட்பிளக்'. உபுண்டுவின் நெட்பிளான் கோப்பில் 'ஆப்ஷனல்: ட்ரூ'. இல்லாவிட்டால் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கிறேன் என்று திரை 2 நிமிடம் நிற்கும்.

பெயரை மாற்றினேன். பெட்டியில் நெட் வருகிறது, கடையில் மற்ற கணினிகளுக்கு வரவில்லை.

பழைய பெயர் இன்னும் எங்கோ இருக்கிறது. முதலில்:

கிரெப் -ஆர் இஎன்பி3எஸ்0 /எட்சி

வழக்கமாகச் சிக்கும் இடங்கள்: இன்டர்ஃபேசஸ் கோப்பு, நெட்பிளான் கோப்பு, டிஎன்எஸ்மாஸ்க்கின் 'இன்டர்ஃபேஸ்=' வரி, ஐஎஸ்சி டிஹெச்சிபி சர்வருக்கு /எட்சி/டிஃபால்ட் அடியில் உள்ள கோப்பு, ஹோஸ்ட்ஏபிடி, சிஸ்கன்ட்ரோல் (எஸ்ஒய்எஸ்சிடிஎல்) கோப்புகள், வயர்கார்டின் போஸ்ட்அப் வரி. ஃபைபருக்குப் பிபிபிஓஇ டயல் செய்பவர்கள் /எட்சி/பிபிபி/பியர்ஸ் அடியில் உள்ள கோப்பில் 'நிக்-' என்று தொடங்கும் சொல்லைப் பாருங்கள், அதோடு ஒட்டியிருப்பது கார்டின் பெயர்தான். பிபிபி0 என்ற பெயர் தனி, அதை லிங்க் கோப்பு தொடாது.

ஃபயர்வாலில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லினக்ஸின் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில், பாக்கெட் எந்தக் கார்டு வழியாக வந்தது என்று பார்க்க 'ஐஐஎஃப்', 'ஐஐஎஃப்நேம்' என்று இரண்டு உண்டு. ஐஐஎஃப் விதியை ஏற்றும் நொடியிலேயே பெயரை எண்ணாக மாற்றிக்கொள்ளும். அப்போது அந்தக் கார்டு இல்லையென்றால் பிழை. என்எஃப்டி ஒரு கோப்பை ஏற்றினால் முழுவதும் ஏற்றும், இல்லையேல் ஒன்றையும் ஏற்றாது. ஆக, ஒரே ஒரு வரியில் பழைய பெயர் இருந்தாலும் மொத்த ஃபயர்வாலும் ஏறாது, ரீபூட் ஆன பெட்டி கதவைத் திறந்து போட்டுக்கொண்டு நிற்கும். அந்தப் பெட்டியில் மட்டும் நெட் நன்றாக வருவதால் ஃபயர்வால் ஏறாததை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஐஐஎஃப்நேம் ஒவ்வொரு பாக்கெட்டிலும் பெயரை எழுத்தாக ஒப்பிடுவதால் சற்றே மெதுவானது. நூறு கணினி உள்ள அலுவலகத்தில்கூட அந்த வித்தியாசம் தெரியாது. டாங்கிள், பிபிபி0 போல வந்து போகும் எதற்கும் ஐஐஎஃப்நேம்தான் போட வேண்டும். மற்றவற்றுக்கும் அதையே போட்டுவிட்டால் நிம்மதி.

ஐஐஎஃப்நேமில் பெயரைத் தவறாக எழுதினால் பிழை வராது. விதி சும்மா பொருந்தாமல் கிடக்கும். மாற்றியதும் என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட் கொடுத்துக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பெட்டி ஏற்காட்டில், நான் சேலத்தில். எஸ்எஸ்ஹெச் வழியாகவே பெயரை மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் தவறினால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக வேண்டும். அதற்கு முன் இரண்டு பெயருக்கும் வழி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

சிஸ்டம்டி-நெட்வொர்க்டி பயன்படுத்தினால் நெட்வொர்க் கோப்பின் மேட்ச் பகுதியில் நேம்=இஎன்பி3எஸ்0 லேன்0 என்று இடைவெளி விட்டு இரண்டையும் எழுதலாம். இன்டர்ஃபேசஸ் கோப்பு என்றால் இரண்டு பெயருக்கும் ஒரே முகவரியோடு இரண்டு பத்திகள், இரண்டுமே அலவ்-ஹாட்பிளக். இல்லாத பெயரை அது பேசாமல் விட்டுவிடும். ஆட்டோ என்று போட்டால் இல்லாத பெயருக்காக நெட்வொர்க்கிங் சேவை தோல்வி காட்டும். நெட்வொர்க்மேனேஜரில் இணைப்பைப் பெயரோடு கட்டாமல் மேக் முகவரியோடு கட்டுங்கள். ஃபயர்வாலில் ஐஐஎஃப்நேமுக்குப் பின் அடைப்புக்குள் இரண்டு பெயரையும் கொடுங்கள்.

இந்த நிலையில் ஒருமுறை ரீபூட் செய்து, பழைய பெயரிலேயே எல்லாம் ஓடுகிறது என்று உறுதி செய்யுங்கள். பிறகுதான் லிங்க் கோப்பு. கூடவே ஒரு பாதுகாப்பு: கிரான்டேபில் '@ரீபூட்' வரியாக ஒரு சின்ன ஸ்கிரிப்ட். 600 விநாடி தூங்கி எழுந்து கேட்வேயைப் பிங் செய்யட்டும். பதில் இல்லையென்றால் அந்த லிங்க் கோப்பை அகற்றி, இனிட்ராம்எஃப்எஸ் புதுப்பித்து, ரீபூட் செய்யட்டும். மாற்றம் சரியாக முடிந்ததும் அந்த வரியை மறக்காமல் நீக்குங்கள். இல்லையேல் என்றாவது ஃபைபர் அறுந்த நாளில் அது நல்ல லிங்க் கோப்பை அழித்துவிடும்.

மழை நாளில் இதைத் தொடாதீர்கள். பெயர் மாற்றம் தோற்றதா, லைன் போனதா என்று கீழே இருந்து சொல்ல முடியாது.

உபுண்டுவில் நெட்பிளான் கோப்பிலேயே பெயர் வைக்கலாமே?

வைக்கலாம். 'மேட்ச்' அடியில் 'மேக்அட்ரஸ்', 'மேட்ச்' இருக்கும் அதே மட்டத்தில் 'செட்-நேம்'. இங்கே எல்லாமே சின்ன எழுத்து. நெட்பிளான் பின்னால் எழுதுவதும் லிங்க் கோப்பைத்தான். ஒரு கார்டுக்கு இரண்டில் ஒரு வழியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முகவரி, கேட்வே போன்றவற்றை மாற்றும்போது நெட்பிளான் அப்ளை வேண்டாம், நெட்பிளான் ட்ரை கொடுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் என்டர் தட்டாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும்.

ரீபூட் இல்லாமல் உடனே மாற்ற?

ஐபி லிங்க் செட் டெவ் இஎன்பி3எஸ்0 டவுன்
ஐபி லிங்க் செட் டெவ் இஎன்பி3எஸ்0 நேம் லேன்0
ஐபி லிங்க் செட் டெவ் லேன்0 அப்

அடுத்த ரீபூட் வரைதான் தாங்கும். டவுன் செய்ததும் அந்த முகவரிக்கான பாதைகள் (ரூட்) போய்விடும், அதே கார்டு வழியாக எஸ்எஸ்ஹெச்சில் இருந்தால் முதல் வரியோடு கதை முடிந்தது.

கர்னல் 5.5 முதல் ஒரு கார்டுக்கு மாற்றுப் பெயரும் வைக்கலாம், லிங்க் கோப்பில் 'ஆல்டர்நேட்டிவ்நேம்=' வரி. ஐபி கட்டளைக்கு எந்தப் பெயரைக் கொடுத்தாலும் புரியும். ஆனால் ஐஐஎஃப்நேமும் சிஸ்கன்ட்ரோலும் முதல் பெயரை மட்டுமே அறியும், ஃபயர்வாலுக்கு இது உதவாது.

டெபியன் 12-இலிருந்து 13-க்குப் போகிறேன். பெயர் மாறுமா?

பெரும்பாலானோருக்கு மாறாது. இரண்டு சூழலில் மாறலாம் என்று வெளியீட்டுக் குறிப்பு எச்சரிக்கிறது: ஐ40இ டிரைவரில் ஓடும் கார்டுகள், ஃபர்ம்வேர் ஸ்லாட் எண் தரும் சில போர்டுகள். இரண்டாவது, சிஸ்டம்டி 252-இலிருந்து 257-க்குத் தாவுவதால் வருவது. மேம்படுத்திய பின், ரீபூட்டுக்கு முன் கேட்டுப் பாருங்கள்:

யூடெவ்ஏடிஎம் டெஸ்ட்-பில்டின் நெட்_செட்அப்_லிங்க் /சிஸ்/கிளாஸ்/நெட்/இஎன்பி3எஸ்0

சிஸ்டம்டி மாற்றத்தை மட்டும் கணக்கில் எடுத்தால், 'ஐடி_நெட்_நேம்' வரியில் வருவதுதான் அடுத்த பூட்டில் வரப்போகும் பெயர். லிங்க் கோப்பு எழுதியவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. எழுத நேரமில்லாதவர்கள் கர்னல் வரியில் நெட்.நேமிங்-ஸ்கீம்=வி252 சேர்த்துப் பழைய பெயரிடும் முறையிலேயே நிறுத்தி வைக்கலாம்.

லிங்க் கோப்பு எழுதினேன், ரீபூட்டும் செய்தேன். பெயர் மாறவே இல்லை.

மேலே சொன்ன அதே டெஸ்ட்-பில்டின் கட்டளை 'ஐடி_நெட்_லிங்க்_ஃபைல்' என்ற வரியையும் தரும். அங்கே 99-டிஃபால்ட் என்று வந்தால் உங்கள் மேட்ச் பகுதி பொருந்தவில்லை, அதாவது முகவரியில் ஒரு எழுத்துப் பிழை அல்லது கோப்பின் முடிவில் .லிங்க் இல்லாமல் .டிஎக்ஸ்டி. உங்கள் கோப்பின் பெயரே வந்தும் மாறவில்லையென்றால், நேம்பாலிசி வரி உள்ளே இருக்கிறது, அல்லது அந்தப் பெயரை வேறு கார்டு வைத்திருக்கிறது, அல்லது இனிட்ராம்எஃப்எஸ் பழையது. டிமெசேஜ் (டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்தெழுத்துக் கட்டளை) வெளியீட்டில் 'ரீநேம்ட்' என்று தேடினால் எந்தப் பெயர் எதுவாக, எந்த நொடியில் மாறியது என்று தெரியும்.

பல ஆண்டுகளாக மேம்படுத்திக்கொண்டே வந்த பெட்டியில் பழைய 70-பெர்சிஸ்டென்ட்-நெட்.ரூல்ஸ் இன்னும் /எட்சி/யூடெவ்/ரூல்ஸ்.டி அடியில் கிடக்கும். எடுத்துவிடுங்கள்.

வெர்ச்சுவல் மெஷினை நகலெடுத்தால்?

நகலுக்குப் புது மேக் முகவரி வரும், லிங்க் கோப்பு பொருந்தாது. ஸ்லாட் வழியே பெயர் வைத்தால் நகலிலும் செல்லும். எல்எக்ஸ்சி கன்டெய்னருக்குள் பெயரைத் தீர்மானிப்பது ஹோஸ்ட் பக்கக் கான்ஃபிக், உள்ளே எழுதிப் பயனில்லை.

ராஸ்ப்பெர்ரி பையில்?

ராஸ்ப்பெர்ரி பை ஓஎஸ் ஈத்0, டபிள்யூலேன்0 என்றே வைத்திருக்கிறது. ராஸ்ப்பி-கான்ஃபிக்கின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் அதை மாற்றலாம். ஆர்மில் ஓடும் வேறு சில விநியோகங்களில் 'எண்ட்0' என்று வரும். போர்டின் டிவைஸ் ட்ரீயிலிருந்து எடுக்கும் பெயர் அது, சிஸ்டம்டி 251 முதல்.

ஃப்ரீபிஎஸ்டியில் இதே வேலை?

அங்கே டிரைவர் பெயர்தான் கார்டின் பெயர்: இன்டெல் என்றால் ஈஎம்0 அல்லது ஐஜிபி0, ரியல்டெக் என்றால் ஆர்இ0. /எட்சி/ஆர்சி.கான்ஃப் கோப்பில் ஒரே வரி:

இஃப்கான்ஃபிக்_ஈஎம்0_நேம்="லேன்0"

அடுத்த வரிகளில் முகவரி கொடுக்கும்போது இஃப்கான்ஃபிக்_லேன்0 என்று புதுப் பெயரிலேயே எழுத வேண்டும். இன்டெல் கார்டு செத்து ரியல்டெக் போட்டால், முதல் வரியில் ஈஎம்0 இருக்கும் இடத்தில் ஆர்இ0 என்று மாற்றினால் போதும். அங்குள்ள ஃபயர்வாலான பிஎஃப்பின் விதிகள் எல்லாம் லேன்0 என்றே இருப்பதால் அவற்றில் கைவைக்க வேண்டியதில்லை.